கவர் கடைசி வேலை: பழைய ரியூசன் படமொன்றை டிவிடியில் மறுபடி வெளியிட ஒரு முழுமையான வழிகாட்டி

இந்த வேலைக்கு ஆலோசனை கேட்டு வருகிற பெடியளில் முக்கால்வாசிப் பேர் கையில் கவர் டிசைனோடுதான் வருகிறார்கள். படம் இன்னும் கசற்றில் கிடக்கும், பாட்டு யாருடையது என்று தெரியாது, தயாரிப்பாளர் எந்த நாட்டில் இருக்கிறார் என்றும் தெரியாது, ஆனால் கவர் மட்டும் தயார். பிறகு ஆறு மாதம் கழித்து அந்தக் கவரில் போட்ட நேரமும் பிழை, பெயர்களும் பிழை, படமும் வேறு என்று திருத்திக்கொண்டு இருப்பார்கள்.

நாங்கள் செய்தது 2004 இல் மினிடீவீ (MiniDV, சின்ன டிஜிற்றல் கசற்) கமராவில் எடுத்த ஒரு படம். ரியூசனுக்குப் போய் ஏ.எல். (உயர்தரம்) படிக்கிற நான்கு பெடியள், இரண்டு சைக்கிள், ஒரு அரும்பு மீசை, மொத்தம் 100 நிமிடம். அந்த நாளில் விசிடியாக வீடு வீடாகப் போனது, இப்போது நாற்பதைத் தொடுகிறவர்கள் இன்னும் அதன் வசனங்களைச் சொல்லித் திரிகிறார்கள். உங்களுடையது குறும்படமாக இருக்கலாம், தொடராக இருக்கலாம், வேலையின் ஒழுங்கு ஒன்றுதான். அந்த ஒழுங்கை மாற்றினால்தான் காசும் காலமும் போகிறது.

தொடங்க முன் கையில் இருக்க வேண்டியவை: ஃபயர்வயர் (கமராவில் இருந்து கொம்பியூட்டருக்குப் படத்தை டிஜிற்றலாகவே கொண்டுபோகிற வயர்) துளை உள்ள, ஓடக்கூடிய ஒரு மினிடீவீ கமரா, ஃபயர்வயர் கார்ட் போட்ட ஒரு பழைய கொம்பியூட்டர், 1 டெராபைட் ஹார்ட் டிஸ்க் மூன்று, ஒரு யூபிஎஸ், காதை மூடுகிற ஹெட்போன், யாராவது வீட்டு அலுமாரிக்கு மேல் கிடக்கிற பழைய டிவிடி பிளேயர், கட்டி அட்டை போட்ட எழுதுகிற சிஆர் கொப்பி ஒன்று. கடைசியாகச் சொன்னது பகிடி இல்லை, எல்லாவற்றிலும் அதிகமாகப் பாவித்தது அதைத்தான்.

1. யாருடைய படம் என்பதை எழுத்தில் எடுங்கள்

"டிரெக்டர் அண்ணை ஓம் என்று சொல்லிவிட்டார்" என்பது அனுமதி இல்லை. அந்தக் காலத்துப் படங்களில் பெரும்பாலும் இயக்கியவர் ஒருவர், காசு போட்டவர் கனடாவிலோ சுவிஸிலோ இருந்த ஒரு மாமா, கமரா வாடகைக்குக் கொடுத்தவர் மூன்றாவது ஆள், அவரும் தன்னைத் தயாரிப்பாளர் என்றுதான் சொல்லுவார். மூன்று பேரிடமும் கதையுங்கள். இவர்களில் ஒருவர் காலமாகியிருந்தால் அவருடைய பிள்ளைகளிடம் கதைக்க வேண்டும். இலங்கையின் 2003 ஆம் ஆண்டு 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி இப்படியான படைப்பின் உரிமை 70 வருடம் நிற்கிறது, 2004 இல் எடுத்த படத்துக்கு நம் பிள்ளைகள் காலம் வரைக்கும் இருக்கிறது.

ஒரு பக்கம் போதும், ஆனால் அதில் ஐந்து விஷயம் இருக்க வேண்டும்: எந்தப் படம், எந்த வடிவங்களில் (டிவிடி, பென் டிரைவ், இணையம் என்று தனித்தனியாக), எந்த நாடுகளில், எத்தனை வருடத்துக்கு, வருகிற காசு எப்படிப் பிரியும். "டிவிடி" என்று மட்டும் எழுதிவிட்டுப் பிறகு பென் டிரைவில் விற்றால் சண்டை அங்கேதான் தொடங்கும். எங்களுக்கு அப்படி ஒரு தொலைபேசி வந்தது, நல்ல வேளையாக விற்பதற்கு முதல் நாள்.

இதை ஏன் முதலில் வைக்கிறேன் என்றால், உரிமை கேட்கப் போகிற வீட்டில்தான் கசற்றும் இருக்கிறது. கையெழுத்து வாங்கப் போன ஒரு வீட்டில் றங்குப் பெட்டி ஒன்றைத் திறந்து காட்டினார்கள், பழைய கல்யாண அல்பத்துக்கும் பாய்க்கும் நடுவில் பதினொரு கமராக் கசற். நாங்கள் அதுவரை அவை அழிந்துபோய்விட்டன என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

2. பாட்டுக் கணக்கு எடுங்கள், கப்சருக்கு (கசற்றைக் கொம்பியூட்டருக்குள் எடுப்பதற்கு) முன்னம்

இதுதான் எல்லோரும் சறுக்குகிற இடம், ஆகவே கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். கையில் உள்ள விசிடியோ யாராவது வைத்திருக்கிற கொப்பியோ போதும், படத்தைப் போட்டுவிட்டுச் சிஆர் கொப்பியோடு உட்காருங்கள். ஒவ்வொரு முறை பாட்டுக் கேட்கும்போதும் நிறுத்தி எழுதுங்கள்: எத்தனையாவது நிமிடம், எத்தனை விநாடி, என்ன பாட்டு, அதற்கு மேல் யாராவது கதைக்கிறார்களா.

பாட்டுக் காட்சிகளை எல்லோரும் எழுதுவார்கள். விடுபடுவது வேறு: பஸ்ஸுக்குள் ஓடுகிற இந்தியச் சினிமாப் பாட்டு, தேநீர்க் கடை ரேடியோ, கோயில் லவுட்ஸ்பீக்கர், போனில் அடிக்கிற ரிங்டோன், பெடியன் ஒருவன் குளித்துக்கொண்டே பாடுகிற இரண்டு வரி. எங்கள் படத்தில் ஐந்து பாட்டு என்றுதான் எல்லோரும் சொன்னார்கள், கணக்கு எடுத்தபோது இருபத்திமூன்று இடம் வந்தது. "30 விநாடிக்குக் குறைந்தால் பரவாயில்லை" என்று ஒரு கதை ஊரெல்லாம் உலாவுகிறது, நம்முடைய சட்டத்தில் அப்படி விநாடிக் கணக்கு எதுவும் கிடையாது.

பிறகு ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் மூன்றில் ஒன்றைப் போடுங்கள்: நம்முடையது, கேட்டு வாங்கலாம், மாற்ற வேண்டும். படத்துக்கென்றே மெட்டமைத்த பாட்டாக இருந்தாலும் இசையமைத்தவர், எழுதியவர், பாடியவர் மூவரிடமும் எழுத்தில் வாங்குங்கள். இந்தியச் சினிமாப் பாட்டு என்றால் ஒலிப்பதிவை வைத்திருக்கிற நிறுவனத்திடம் கேட்க வேண்டும், சின்ன வெளியீட்டுக்குப் பதில் வருவதே அபூர்வம். பெரிய ஆட்களுக்கும் இது லேசான காரியமில்லை. 'ஃப்ரீக்ஸ் அண்ட் கீக்ஸ்' என்ற அமெரிக்கப் பள்ளிக்கூடத் தொடர் 2000 இல் நின்றது, பாட்டு உரிமைகளை வாங்கி முழுசாக டிவிடியில் வந்தது 2004 இல். 'டாரியா' என்ற அமெரிக்கக் கார்ட்டூன் தொடர் 2010 இல் டிவிடிக்கு வந்தபோது அதில் இருந்த வெளிப் பாட்டுகளில் பெரும்பாலானவற்றை மாற்றிவிட்டுத்தான் விட்டார்கள்.

சரி, இது ஏன் கப்சருக்கு முன்னம்? ஒரு பாட்டை மாற்ற வேண்டுமென்றால் வசனம் தனியாகவும் பாட்டுத் தனியாகவும் உள்ள மூலம் தேவை. எடிற் செய்து முடித்த கசற்றில் இரண்டும் ஒன்றாய்க் கலந்திருக்கும். அப்படியானால் நீங்கள் தேட வேண்டியது முடிந்த படத்தை இல்லை, கமராவில் இருந்து வந்த மூலக் கசற்றுகளை. இது தெரியாமல் முடிந்த படத்தை ஒரு மாதம் கப்சர் செய்து திருத்தி முடித்த ஒரு தம்பி, பிறகு பாட்டுப் பிரச்சினை என்று தெரிந்து திரும்ப முதலில் இருந்து தொடங்கினான். குரலைத் திரும்பப் பேச வைக்கலாமே என்று கேட்டான். பதினேழு வயதுக் குரலை முப்பத்தேழு வயதில் யாராலும் பேச முடியாது. குரலையும் பாட்டையும் பிரித்துத் தருகிற மென்பொருட்கள் இன்று உண்டு, அமைதியான அறைக் காட்சியில் ஓரளவுக்கு வேலை செய்யும், சந்தைக் காட்சியில் ஆள் தகரப் பேணிக்குள் இருந்து கதைப்பது போல வரும்.

3. எந்தப் படம் என்று முடிவு செய்யுங்கள்

ஒரே படத்துக்கு இரண்டு மூன்று வெட்டு இருக்கும். முதல் காட்சிக்குப் போட்டது ஒன்று, விசிடிக்காகக் குறைத்தது ஒன்று, வெளிநாட்டு ரீவியில் போனது இன்னொன்று. சனம் மனப்பாடம் செய்து வைத்திருப்பது விசிடியில் வந்ததை. இயக்குநர் விரும்புவது வேறொன்றாக இருக்கும், பழைய காட்சி ஒன்றைப் பார்த்துவிட்டு "இதை எடுத்துவிடுவோம் தம்பி, இப்ப பார்க்க வெட்கமாக இருக்கு" என்பார். நான் இதில் பிடிவாதம்: சனத்துக்குத் தெரிந்த வெட்டுத்தான் முதன்மைப் படம், இயக்குநர் வெட்டு வேண்டுமானால் மேலதிகமாக.

மூலங்களுக்கு என் வரிசை இது. கமராவில் இருந்த மினிடீவீ கசற், பிறகு எடிற் முடித்து மினிடீவீக்குத் திருப்பி எழுதியது, பிறகு விஎச்எஸ், கடைசியாக விசிடி. விசிடியில் படம் 352க்கு 288 புள்ளிதான், மினிடீவீயில் 720க்கு 576, கிட்டத்தட்ட நான்கு மடங்கு. ஆனாலும் விசிடியை எறிந்துவிடாதீர்கள், எந்தக் காட்சிக்குப் பின் எந்தக் காட்சி என்று ஒப்பிட்டுப் பார்க்க அதுதான் வழிகாட்டி. கனடாவில் இருந்து வருகிற விஎச்எஸ் கொப்பி பெரும்பாலும் என்டிஎஸ்சிக்கு (வட அமெரிக்க ரீவி முறை) மாற்றியதாக இருக்கும், விநாடிக்கு 25 படத்தை 29.97 ஆக்கியது, சைக்கிள் ஓடுகிற காட்சியில் இழுத்து இழுத்துத் தெரியும். வேறு வழியே இல்லை என்றால் மட்டும்.

4. கசற்றைக் கமராவுக்குள் போட முன்

எழுதாமல் இருக்கப் பூட்டுங்கள். மினிடீவீ கசற்றின் முதுகில் ஒரு சின்ன வழுக்கி இருக்கும், ஒரு பக்கம் பதிவு, மறு பக்கம் பாதுகாப்பு. நகத்தால் அதைப் பாதுகாப்புப் பக்கம் தள்ளிவிட்டுத்தான் மற்ற எதுவும். விஎச்எஸ் என்றால் முதுகில் உள்ள பிளாஸ்டிக் துண்டை உடைத்துவிடுங்கள். பிழையான பொத்தானை ஒரு தரம் அமத்தினால் போன விநாடிகள் திரும்பி வராது.

அடுத்தது பூஞ்சணம். மாரி காலத்து ஈரமும் கடற்காற்றும் உள்ள ஊரில் இருபது வருடம் பெட்டிக்குள் கிடந்த கசற், சுத்தமாக இருந்தால் அதிசயம். கசற்றின் கண்ணாடிப் பக்கத்தை ரோர்ச் வெளிச்சத்துக்குச் சரித்துப் பாருங்கள். சுருளின் விளிம்பு கருத்து மினுங்க வேண்டும். மாவைத் தூவினது போல வெள்ளை வட்டமோ புள்ளியோ தெரிந்தால் போடாதீர்கள், அந்தக் கசற்றைத் தனியாக ஒரு உறையில் வையுங்கள். ஒரு பூஞ்சணக் கசற்றை ஓடவிட்டால் கமராவுக்குள் சுருளை வாசிக்கிற தலை அடைபடும், அந்தத் தலையால் பிறகு ஓடுகிற நல்ல கசற்றுகளிலும் கட்டம் கட்டமாக உடையும். பூஞ்சணம் உள்ளதைச் சுத்தம் செய்கிறவர்களிடம் கொடுப்பதுதான் நல்லது, வீட்டில் பஞ்சால் துடைக்கிற வேலை வேண்டாம், பஞ்சு நார் சுருளுக்குள் போனால் இன்னும் சோலி.

சுத்தமாக இருக்கிற கசற்றையும் உடனே ஓடவிடாதீர்கள். ஏசி அறைக்குக் கொண்டுவந்தால் ஒரு நாள் அப்படியே வையுங்கள், ஈரம் ஒதுங்கட்டும். பிறகு கடைசி வரை வேகமாக ஓட்டி, திரும்ப முதலுக்குச் சுற்றுங்கள். வருடக்கணக்காக ஒரே இடத்தில் இறுகிக் கிடந்த சுருள் அப்போதுதான் இளகி ஒரே இழுவையில் ஓடும்.

5. கப்சர்: மஞ்சள் வயர் வேண்டாம்

மினிடீவீயில் இருப்பது ஏற்கெனவே டிஜிற்றல். ஃபயர்வயரால் எடுத்தால் கசற்றில் உள்ளது அப்படியே கொப்பியாகும், ஒரு துளி தரமும் குறையாது, ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 13 ஜிபி. கமராவின் மஞ்சள், சிவப்பு, வெள்ளை வயரை மலிவான யூஎஸ்பி துண்டு ஒன்றில் செருகி எடுத்தால் டிஜிற்றலை அனலொக்காக்கித் திரும்ப டிஜிற்றலாக்குகிறீர்கள், நிறம் கசியும், விளிம்பு மங்கும். கடைகளில் "கசற்றை டிவிடிக்கு மாற்றித் தரப்படும்" என்று போட்டிருக்கிற பல இடத்தில் இப்படித்தான் செய்கிறார்கள். நேரடியாக டிவிடிக்கு மாற்றியதை மூலமாக எடுக்காதீர்கள்.

எந்தக் கமராவில் எடுத்தார்களோ அதே கமரா கிடைத்தால் அதிலேயே ஓட்டுங்கள், முக்கியமாக எல்பி வேகத்தில் (ஒரே கசற்றில் கூடிய நேரம் பதிகிற மெதுவான வேகம்) எடுத்த கசற்றாக இருந்தால். அந்த வேகத்தில் தடங்கள் மிக நெருக்கம், வேறு கமராவின் தலை அவற்றைச் சரியாகப் பிடிக்காது.

விஎச்எஸ் மட்டும்தான் இருக்கிறது என்றால் வழி வேறு: எஸ்-வீடியோ துளை உள்ள பிளேயர், படத்தின் நேரத்தைச் சீராக்குகிற ரீபிசி என்ற பெட்டி, இழப்பில்லாத எஃப்எஃப்வி1 போன்ற வடிவத்தில் பதிவு. இடம் நிறையப் போகும், போகட்டும்.

யூபிஎஸ் ஏன் என்று கேட்கிறவர்கள் 2022 ஐ மறந்துவிட்டார்கள். மார்ச் கடைசியில் 13 மணி நேரம் கரண்ட் இல்லாத நாளும் இருந்தது. கப்சர் பாதியில் நின்றால் ஃபைல் கெடுவது ஒன்று, கமராவுக்குள் கசற் சிக்கி நிற்பது அதைவிடப் பெரிய தலையிடி.

ஒவ்வொரு கசற்றும் முடிந்த உடனே முழுவதையும் ஒரு தரம் ஓடவிட்டுப் பாருங்கள், பிறகு இரண்டாவது ஹார்ட் டிஸ்க்குக்குக் கொப்பி எடுங்கள், மூன்றாவது கொப்பி வேறொரு வீட்டில் இருக்கட்டும். ஃபைலின் பெயரில் கசற் இலக்கம், திகதி, வேகம் மூன்றும் இருக்கட்டும். "புதிது", "புதிது2", "கடைசி", "கடைசிகடைசி" என்று பெயர் வைத்து நாங்கள் பட்ட பாடு போதும்.

6. முதலில் சத்தம், பிறகு படம்

படம் கொஞ்சம் மங்கலாக இருந்தாலும் சனம் பார்க்கும், வசனம் விளங்காவிட்டால் நிறுத்திவிடும். ஆனபடியால் காதில் இருந்து தொடங்குங்கள்.

ஹெட்போனைப் போட்டு இடது, வலது இரண்டும் கேட்கிறதா என்று பாருங்கள். அந்த நாளில் ஒரு மைக்கை ஒரு பக்கம் செருகி எடுத்த காட்சிகள் ஏராளம், இடது காதில் மட்டும் கேட்கும், அதை இரண்டு பக்கத்துக்கும் கொப்பி செய்துவிட்டால் போதும். மினிடீவீயில் சில கமரா 12 பிட், 32 கிலோஹெர்ட்ஸில் பதிந்திருக்கும், சில 16 பிட், 48 இல். எல்லாவற்றையும் 48க்குக் கொண்டுவந்துவிட்டுத்தான் எடிற்றில் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் வாய் ஒரு பக்கம் சத்தம் ஒரு பக்கம் விலகிப் போகும். 50 ஹெர்ட்ஸில் வருகிற கரண்ட் இரைச்சலை ஆடாசிட்டியில் குறைக்கலாம். குறையுங்கள், துடைத்து எறியாதீர்கள். எங்கள் படத்தில் தூரத்து ஜெனரேட்டர் சத்தத்தை முழுதாக எடுத்தபோது காகமும் போய்விட்டது, முற்றத்துக் காட்சி கிணற்றுக்குள் எடுத்தது போல ஆனது, திரும்ப வைத்தோம்.

படத்துக்கு வந்தால் மூன்று விஷயம்.

ஒன்று, களங்களின் ஒழுங்கு. மினிடீவீயில் ஒவ்வொரு படமும் ஒன்றுவிட்ட வரிகளாகப் பிரிந்து இரண்டு பாதியாக இருக்கும், அவைதான் களங்கள், கீழ்க்களம் முதலில். மென்பொருளில் மேற்களம் முதல் என்று பிழையாகக் கொடுத்தால் அசைவு முன்னும் பின்னுமாக உதறும். சோதிப்பது சுலபம்: சைக்கிள் குறுக்கே போகிற ஒரு காட்சியைப் பழைய ரீவியில் போடுங்கள். சில்லு ஒழுங்காக உருண்டால் சரி, நடுங்கினால் மாற்றுங்கள். டிவிடிக்கு அந்த இரண்டு பாதியையும் அப்படியே விடுங்கள். பென் டிரைவுக்கான ஃபைலுக்கு மட்டும் பிரித்து விநாடிக்கு 50 படமாக்குங்கள், அசைவு குழையாது.

இரண்டு, வடிவம். 4:3 இல் எடுத்ததை 4:3 ஆகவே விடுங்கள். அகல ரீவியை நிரப்ப வேண்டுமென்று இழுத்தால் பெடியள் எல்லாம் வீங்கிப் போவார்கள், வெட்டினால் தலை போகும். மேலே சொன்ன 'ஃப்ரீக்ஸ் அண்ட் கீக்ஸ்' 2016 இல் புளூரேயில் வந்தபோது 4:3, 16:9 இரண்டையும் கொடுத்தார்கள், ஆனால் அது பிலிமில் எடுத்தது. நம்முடைய கசற்றில் பிரேமுக்கு வெளியே எதுவும் இல்லை.

மூன்று, செயற்கை நுண்ணறிவால் பெரிதாக்குவது. எல்லோரும் ஆசைப்படுகிறார்கள், நாங்களும் ஆசைப்பட்டோம். கதாநாயகனின் அரும்பு மீசையை அவன் தாயின் ஐப்ரோ பென்சிலால் கருப்பாக்குகிற காட்சிதான் படத்தின் உயிர். மென்பொருள் அந்த மீசையைத் தூசி என்று நினைத்து வழித்துவிட்டது. மெழுகு பூசின முகத்தோடு ஒருவன் இல்லாத மீசைக்குப் பென்சில் தீட்டிக்கொண்டிருந்தான். அன்றோடு அதை விட்டோம். நிறத்தைச் சீராக்குங்கள், உடைந்த கட்டங்களைப் பக்கத்துப் படத்தால் மூடுங்கள், அதற்கு மேல் வேண்டாம்.

இது முடிந்ததும் வெட்டைப் பூட்டுங்கள். இனி ஒரு விநாடி கூட மாறாது என்று எல்லோரும் ஒத்துக்கொண்ட பிறகுதான் அடுத்தது.

7. எழுத்து (சப்டைட்டில்)

ஆங்கிலம் கட்டாயம், கனடாவின் ஸ்காபரோவிலும் லண்டனிலும் வளர்ந்த பிள்ளைகள் யாழ்ப்பாணப் பேச்சை முழுதாகப் பிடிக்க மாட்டார்கள். தமிழ் எழுத்தும் போடுங்கள், காது கேட்காதவர்களுக்கும் தமிழ்நாட்டில் பார்க்கிறவர்களுக்கும். அதில் "கதைச்சனான்" என்று பேசினால் "கதைச்சனான்" என்றே எழுதுங்கள், சென்னைத் தமிழாக்காதீர்கள்.

பழைய திரைக்கதை ஃபைல் கிடைத்தால் அது பெரும்பாலும் பாமினி எழுத்துருவில் இருக்கும். அதை யூனிகோடுக்கு மாற்றாமல் ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குப்பையாக வரும், மாற்றிய பிறகும் ஒருவர் வரிவரியாக வாசிக்க வேண்டும். நேரம் பிரிக்க சப்டைட்டில் எடிட் என்ற இலவச மென்பொருள் போதும். ஒரு நேரத்தில் இரண்டு வரிக்கு மேல் வேண்டாம்.

டிவிடியில் எழுத்து படமாகப் போகும், ஆகவே தமிழ் உடையாது. ஆனால் மெல்லிய எழுத்துரு பழைய ரீவியில் நடுங்கும், தடித்த எழுத்துருவும் கருப்பு விளிம்பும் கொடுங்கள். பென் டிரைவில் தனி எழுத்து ஃபைலாகக் கொடுத்தால் பல ரீவிகளில் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். ஆகவே அங்கே எழுத்துப் பதித்த படம் ஒன்று, பதிக்காதது ஒன்று என்று இரண்டு ஃபைலாகக் கொடுத்துவிடுங்கள்.

8. கூடக் கதைப்பதும் மேலதிகக் காட்சியும்

நடித்தவர்களை உட்கார வைத்துப் படத்தைப் பார்த்தபடி கதைக்க வைத்துப் பதிவது நல்ல மேலதிகம், செலவும் இல்லை. வெட்டுப் பூட்டிய பிறகே செய்யுங்கள், இல்லாவிட்டால் பிறகு நாற்பது விநாடி குறைந்ததும் அவர்கள் சிரிப்பது வேறு காட்சிக்கு விழும். வெளிநாட்டில் இருக்கிறவர் தன் போனிலேயே பதியட்டும், படம் தொடங்கும்போது ஒரு கைதட்டு, அதை வைத்துப் பொருத்தலாம். வட்ஸ்அப் அழைப்பையே பதிவு செய்து போட்டால் சத்தம் நொறுங்கும்.

மேலதிகக் காட்சிகளில் ஒரு கவனம். அப்போது பதினாறு, பதினேழு வயதில் இருந்தவர்கள் தாங்கள் இன்று வேலை செய்கிற இடத்தில் இது பரவுவதை விரும்பாமல் இருக்கலாம், கேளுங்கள். அந்தக் கமராவுக்கு முன்னால் நின்று சிரித்தவர்களில் இன்று இல்லாதவர்களும் இருக்கிறார்கள். எங்கள் மூலக் கசற்றில் அப்படி இரண்டு பேர். வெளியிடுவதற்கு முன் அந்த வீடுகளுக்கு நேரில் போய், முதலில் அவர்களுக்குப் போட்டுக் காட்டினோம். ஒரு வீட்டில் போடச் சொன்னார்கள், ஒரு வீட்டில் வேண்டாம் என்றார்கள். வேண்டாம் என்றதை எடுத்தோம், கொப்பியை மட்டும் அவர்களிடம் கொடுத்தோம்.

9. டிவிடிக் கணக்கு

ஒற்றை அடுக்கு டிவிடியில் 4.7 ஜிபி, அதாவது சுமார் 37,600 மெகாபிட். 100 நிமிடம் என்றால் 6,000 விநாடி, வகுத்தால் விநாடிக்கு 6.2 சொச்சம். அதில் இரண்டு ஒலித்தடத்துக்கு ஏறக்குறைய அரை மெகாபிட், எழுத்துக்கும் மெனுவுக்கும் கொஞ்சம் கழித்தால் படத்துக்கு 5.5 மிஞ்சும். நல்லது. இப்போது 40 நிமிட மேலதிகக் காட்சியை அதே தட்டில் திணித்தால் மொத்தமே 4.4 சொச்சம் ஆகிறது, இரவுக் காட்சிகள் கட்டம் கட்டமாக உடையும். மேலதிகம் வேண்டுமென்றால் 8.5 ஜிபி இரட்டை அடுக்குத் தட்டு, அல்லது இரண்டாவது தட்டு.

தட்டு பால் (PAL, நம்மூர் ரீவி முறை) முறையில், எந்த வலயப் பூட்டும் இல்லாமல் இருக்கட்டும். இலங்கை டிவிடிக்கு 5 ஆம் வலயம், லண்டன் 2, கனடா 1, பூட்டுப் போட்டால் வாங்குகிற பாதிப் பேரால் பார்க்க முடியாது. பூட்டு இல்லாவிட்டாலும் கனடாவில் பழைய பிளேயர்கள் சில பால் தட்டை எடுக்காது, அதை முன்கூட்டியே சொல்லிவிட்டு அவர்களுக்குப் பென் டிரைவைக் காட்டுங்கள். புளூரே வேண்டாம் என்பது என் கருத்து, 576 வரியில் எடுத்ததற்கு அது வீண் செலவு.

பென் டிரைவில் எச்.264 எம்பி4, 4 ஜிபிக்குள். ஏனென்றால் பழைய ரீவிகள் வாசிப்பது ஃபாட்32 முறையை, அதில் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்டக் கூடாது. 100 நிமிடத்துக்கு 5 மெகாபிட் கொடுத்தால் 3.75 ஜிபி வரும், சரியாக அடங்கும்.

முந்நூறு தட்டுக்குக் கீழே என்றால் டிவிடி-ஆரில் (கொம்பியூட்டரில் எழுதக்கூடிய வெற்றுத் தட்டு) எழுதுங்கள், குறைந்த வேகத்தில், ஒவ்வொன்றையும் சரிபார்த்து. அதற்கு மேல் போனால் அச்சில் அடிக்கக் கொடுக்கலாம். தட்டின் மேல் காகித லேபல் ஒட்டவே வேண்டாம், சூட்டில் சுருங்கித் தட்டு வளையும்.

10. சோதனைக் கொப்பி, மூன்று வீட்டில்

ஒன்றே ஒன்றை எழுதி மூன்று வீட்டுக்குக் கொண்டுபோங்கள்: பழைய பிளேயர் உள்ள வீடு, புது ரீவி உள்ள வீடு, லப்டொப் மட்டும் உள்ள வீடு. முழுப் படத்தையும் பாருங்கள், ஓட்டி ஓட்டிப் பார்க்காமல். றிமோட்டை உங்கள் கையில் வைத்திருக்காதீர்கள்.

நாங்கள் எங்கள் கொம்பியூட்டரில் மட்டும் பார்த்துவிட்டு நூறு தட்டு எழுதினோம். மறுநாள் பெரியம்மா ஒருவரின் தொலைபேசி: "தம்பி, படத்துக்குள்ள ஆரோ இருந்து கதைச்சுக்கொண்டே இருக்கினம், ஒண்டும் கேட்க விடுறாங்கள் இல்லை." நடித்தவர்கள் கூடக் கதைக்கிற ஒலியை முதலாவது தடமாக வைத்துவிட்டோம், தட்டைப் போட்டதும் அதுதான் ஓடியது. எங்கள் மென்பொருள் நாங்கள் கடைசியாகத் தெரிவு செய்த தடத்தை ஞாபகம் வைத்திருந்ததால் எங்களுக்குத் தெரியவில்லை. நூறு தட்டும் வீண்.

11. இப்போது கவர்

இப்போதுதான் சரியான நேரம், எந்த மொழி எழுத்து, எத்தனை தட்டு, யார் யாருக்கு நன்றி எல்லாம் இப்போதுதான் உறுதி. சாதாரண டிவிடிப் பெட்டிக்குத் தாள் 273க்கு 183 மில்லிமீற்றர், அதில் முதுகு 14. சுற்றிவர 3 மில்லிமீற்றர் மிச்சம் விடுங்கள், வெட்டுகிறவரின் கை கொஞ்சம் ஆடும்.

படத்தில் இருந்து ஒரு பிரேமைப் பிடித்து முன்பக்கம் முழுக்கப் போட வேண்டாம். அந்தப் பிரேம் அச்சுத் தரத்தில் ஆறரை சென்ரிமீற்றர் அகலம்தான் வரும், அதற்கு மேல் பெரிதாக்கினால் கூழாகும். படப்பிடிப்பில் யாராவது சாதாரணப் பிலிம் கமராவில் எடுத்த போட்டோ இருக்கும், அதைத் தேடி ஸ்கான் செய்யுங்கள். டிசைன் மென்பொருளில் யூனிகோட் தமிழ் உடைகிறதா என்று "கொ", "கோ", "கௌ" மூன்றையும் அடித்துப் பாருங்கள். பின்பக்கத்தில் நேரம், 4:3, பால், எழுத்து மொழிகள், மாற்றிய பாட்டு எத்தனை என்பதையும் எழுதுங்கள். கடைசியாகச் சொன்னதை மறைக்கிறவர்கள் உண்டு. வாங்குகிறவர் முதல் பத்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார், பிறகு அதைத்தான் ஊர் முழுக்கச் சொல்லுவார்.

12. விற்பதும் வைப்பதும்

முதலில் பெயர் எழுதி வாங்குங்கள், அந்தக் கணக்குக்கு மேல் இருபது வீதம் மட்டும் அடியுங்கள். நல்லூர்த் திருவிழாக் காலம் நல்ல நேரம், வெளிநாட்டில் இருந்து வந்தவர்கள் தாங்களே பையில் கொண்டுபோவார்கள், தபால் செலவு மிச்சம்.

ஐந்து கொப்பியை விற்காமல் எடுத்து வையுங்கள். உரிமைக்காரர்கள் சம்மதித்தால் ஒரு கொப்பியை நூலகம் நிறுவனம் போன்ற ஆவணக்காரர்களிடம் கொடுக்கக் கேட்டுப் பாருங்கள். கசற்றுகளை உரியவர் வீட்டுக்குத் திருப்பிக் கொடுக்கும்போது முதலுக்குச் சுற்றி, நிமிர்த்தி அடுக்கி, ஈரம் உறிஞ்சுகிற சிலிக்கா பை ஒன்றும் போட்டு மூடுங்கள். றங்குப் பெட்டி வேண்டாம், மூடி இறுகுகிற பிளாஸ்டிக் பெட்டி போதும். எந்தக் கசற்றில் எந்தக் காட்சி என்று எழுதின சிஆர் கொப்பியின் போட்டோக் கொப்பியையும் அதற்குள்ளேயே வையுங்கள்.